ஏரி எது, காப்பகம் எது? இத்தாலியின் போ சமவெளிக்குச் செல்பவர்களுக்கு ஒரு விளக்கம்

2022-ஆம் ஆண்டுக் கோடையில் வட இத்தாலியிலிருந்து வெளிவந்த படங்கள் பலரையும் திகைக்க வைத்தன. போ ஆற்றின் நடுவே மணல் திட்டுகள் எழுந்து நின்றன. இரண்டாம் உலகப் போரின்போது மூழ்கிய ஸிபெல்லோ என்னும் சரக்குப் படகு குவால்தியேரி ஊருக்கு அருகே முழு உருவோடு வெளியே தெரிந்தது. மாந்தோவா அருகே 450 கிலோ எடையுள்ள பழைய வெடிகுண்டு ஒன்று, நீர் வற்றிய ஆற்றங்கரையில் கிடந்தது. அந்த ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி ஐந்து வட மாநிலங்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இத்தாலியின் மிகப் பெரிய ஏரிகள் தலைமாட்டில் இருக்கும்போது ஒரு சமவெளி எப்படி வறண்டு போகும் என்ற கேள்வி அப்போது எழுந்தது. அது இன்னும் பலருக்குத் தெளிவாகவில்லை.

அங்கே சுற்றிப் பார்க்கச் செல்பவர்களுக்கும் இதே குழப்பம் வேறு வடிவில் வருகிறது. வரைபடத்தில் 'இயற்கைக் காப்பகம்' என்று பச்சை நிறத்தில் காட்டப்பட்ட இடத்துக்குப் போனால் அங்கே நெல்வயல் இருக்கிறது. 'ஏரி' என்று போட்டிருக்கும் இடத்தில் பழைய ஜல்லிக் குழி இருக்கிறது. 'காடு' என்று தூரத்திலிருந்து நம்பியது, நேர்கோட்டில் நட்டு வளர்த்த பாப்லர் தோப்பாக இருக்கிறது. இவை எதுவும் ஏமாற்று வேலை அல்ல. இந்தச் சமவெளியில் நீர் எப்படி வருகிறது, யார் அதைத் தேக்குகிறார்கள், யார் திறந்து விடுகிறார்கள் என்பது தெரிந்தால், எந்த இடம் ஏன் காக்கப்படுகிறது என்பதும், எப்போது அங்கே செல்லலாம் என்பதும் தாமாகவே விளங்கும்.

சமவெளியின் அமைப்பு

போ ஆறு மொன்விசோ மலையின் அடியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,020 மீட்டர் உயரத்தில் பிறந்து, 652 கிலோமீட்டர் கிழக்கு நோக்கி ஓடி அட்ரியாட்டிக் கடலில் சேர்கிறது. இன்று சமவெளியாக இருக்கும் இடம் நிலவியல் காலக் கணக்கில் அண்மைக் காலம் வரை ஒரு கடல் வளைகுடாவாக இருந்தது. வடக்கே ஆல்ப்ஸ் மலையும் தெற்கே அப்பென்னைன் மலையும் கொட்டிய வண்டலே அதைத் தூர்த்து நிலமாக்கியது.

அந்த வண்டல் எல்லா இடத்திலும் ஒரே தன்மையில் படியவில்லை. மலையடிவாரத்தில் கனமான கூழாங்கல்லும் பரலும் தங்கிவிட்டன. ஆற்றை நெருங்க நெருங்க மணலும் களிமண்ணும் சேர்ந்தன. எனவே மேல் சமவெளியில் பெய்யும் மழை உடனே நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கிய நீர் தெற்கே நகர்ந்து, களிமண் அடுக்கில் முட்டி, மேலே வந்து ஊற்றாகப் பொங்குகிறது. மேற்கே பியெமொந்தேயிலிருந்து கிழக்கே ஃப்ரியூலி வரை ஒரு பட்டையாக நீளும் இந்த ஊற்றுக்கண்களை மக்கள் இடைக்காலத்திலிருந்தே வெட்டி ஆழப்படுத்தி, வாய்க்கால் இழுத்து, பாசனத்துக்குப் பயன்படுத்தினார்கள். லொம்பார்டியில் அவற்றுக்கு ஃபொந்தனிலி என்று பெயர். நிலத்தடியிலிருந்து வருவதால் அந்த நீர் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அதைப் புல்வெளிகளின் மேல் மெல்லிய படலமாக ஓடவிட்டு, பனிக்காலத்திலும் பசும்புல் அறுத்த முறை மிலானைச் சுற்றிப் பல நூற்றாண்டுகள் நடந்தது. இன்றும் ஒரு சில இடங்களில் அந்தப் புல்வெளிகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சிறிய ஊற்றுக்கண் ஒன்றுக்குக்கூட இங்கே 'காப்பகம்' என்ற தகுதி கிடைப்பது இதனால்தான்.

ஐந்து வகை நீர்நிலைகள்

வரைபடத்தில் பயணிக்கு ஒரே வகை நீர்நிலையாகத் தெரிவதைத் தமிழில் ஏரி, குளம், மடு, குட்டை, காயல் என்று பிரித்துச் சொல்ல முடியும். அந்தப் பிரிவினை இங்கே மிகவும் உதவுகிறது.

1. பனியாறு குடைந்த ஏரிகள். கார்தா, மஜ்ஜோரே, கோமோ, இசேயோ ஆகியவை இந்த வகை. கார்தா ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர் பரப்பும் 346 மீட்டர் ஆழமும் கொண்டது. கோமோ 400 மீட்டருக்கும் மேல் ஆழமானது. கண்டிப்பாகச் சொன்னால் இவை சமவெளியில் இல்லை, அதன் வாசலில் இருக்கின்றன. ஆனால் சமவெளியின் நீர்க்கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. 1933-இல் இசேயோவிலும், 1940-களில் மஜ்ஜோரேயிலும் கோமோவிலும், 1950-ஐ ஒட்டி கார்தாவிலும் ஏரியின் வாயில் மதகுகள் அமைக்கப்பட்டன. அன்றிலிருந்து இந்த ஏரிகளின் நீர்மட்டத்தை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. வசந்த காலத்தில் தேக்கி, கோடையில் வயலுக்குத் திறந்துவிடும் பெரும் நீர்த்தேக்கங்களாக அவை செயல்படுகின்றன.

2. கரை போட்டுத் தேக்கிய ஏரிகள். மாந்தோவா நகரைச் சூழ்ந்திருக்கும் மூன்று ஏரிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவற்றைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

3. ஆறு விட்டுச்சென்ற நீர். வளைந்து ஓடும் ஆறு ஒரு வளைவை அறுத்துக்கொண்டு நேரே பாயும்போது, பழைய தடம் பிறை வடிவில் தனியே நின்றுவிடுகிறது. இதை 'லாங்கா' என்பார்கள். இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று 'போத்ரி'. வெள்ளக் காலத்தில் ஆற்றுக்கரை உடைத்துக்கொள்ளும்போது, உடைப்பின் வழியே சுழன்று விழும் நீர் கரையின் மறுபக்கத்தில் ஆழமான மடு ஒன்றைக் குடைந்துவிடும். கிரெமோனா மாவட்டத்தில் இத்தகைய மடுக்கள் பல உள்ளன. ஏறத்தாழ வட்டமாகவும், சுற்றளவுக்குப் பொருந்தாத ஆழத்தோடும் இருக்கும் இந்தக் குளங்கள் ஒவ்வொன்றும் ஒரு பழைய வெள்ளத்தின் தழும்பு.

4. வெட்டிய குழிகள். கட்டுமானத்துக்காக மணலும் ஜல்லியும் எடுத்த குழிகளில் நிலத்தடி நீர் ஏறிப் பல குட்டைகள் உருவாகியிருக்கின்றன. இசேயோ ஏரியின் தென்கரையில் உள்ள தோர்பியேரே சதுப்புநிலமும் மனிதர் தோண்டியதே. எரிபொருளுக்காக மட்கிய கரி மண்ணைப் பல தலைமுறைகளாக வெட்டி எடுத்த இடம் அது. வெட்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து, நடுவே மெல்லிய வரப்புகள் மட்டும் மிஞ்சின. இன்று அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலம். அந்த வரப்புகளின் மேல்தான் பார்வையாளர்கள் நடக்கிறார்கள்.

5. உவர்நீர்க் காயல்கள். கழிமுகத்தில், குறிப்பாகக் கொமாக்கியோவில் இவை உள்ளன. இவற்றுக்கு இத்தாலியில் 'வல்லே' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு நாட்டின் பிற பகுதிகளில் பள்ளத்தாக்கு என்றே பொருள் என்பதால், மொழிபெயர்ப்புச் செயலிகள் 'கொமாக்கியோ பள்ளத்தாக்குகள்' என்று காட்டும். மலையே இல்லாத இடத்தில் பள்ளத்தாக்கைத் தேடி அலைய வேண்டாம். இந்தச் சமவெளியில் வல்லே என்றால் கரையிட்ட காயல் அல்லது சதுப்பு.

மாந்தோவா: நகரத்துக்காகச் செய்த நீர்

கார்தா ஏரியின் தென்கரையில் உள்ள பெஸ்கியேராவில் மின்ச்சோ ஆறு வெளியேறி, தெற்கே இறங்கி, போ ஆற்றில் சேர்கிறது. போகும் வழியில் தட்டையான நிலத்தில் அது பரந்து சதுப்பாகிவிடும். கி.மு. 70-இல் இந்தப் பகுதியில் பிறந்த கவிஞர் வெர்ஜில், நாணல் கரையோடு சோம்பி வளைந்து செல்லும் ஆறாகத்தான் மின்ச்சோவைப் பாடினார். அந்தச் சதுப்பை 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல்பெர்த்தோ பித்தென்தீனோ என்ற பொறியாளர் ஒழுங்குபடுத்தினார். அவர் குறுக்கே கரை போட்டு நீரைத் தேக்க, நகரத்தைச் சுற்றி நான்கு ஏரிகள் உருவாயின. எதிரிகளுக்கு அது அகழி. நகரத்தாருக்கு மீனும், ஆலை சுழற்றும் நீர்விசையும் அதிலிருந்தே கிடைத்தன. நான்காவது ஏரியான பயோலோ 18-ஆம் நூற்றாண்டில் வடிக்கப்பட்டது. மீதி மூன்றும் மேல் ஏரி, நடு ஏரி, கீழ் ஏரி என்ற எளிய பெயர்களோடு இன்றும் உள்ளன. மேல் ஏரியின் நீர்மட்டம் மற்ற இரண்டையும்விடச் சில மீட்டர் உயரமானது. இரண்டுக்கும் நடுவே கரையின் மேல் செல்லும் சாலையில் நின்று இரு பக்கமும் பார்த்தால் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தமிழில் ஏரி என்றதும் நம் மனத்தில் வரும் கரை, மதகு, மிகைநீர் வழி மூன்றும் இங்கே இருப்பதால், வட இத்தாலியின் புகழ்பெற்ற மலையடி ஏரிகளைவிட ஏரி என்ற நம் சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துவது மாந்தோவாவே.

மேல் ஏரிக்கு மேற்கே மின்ச்சோ சதுப்பு தொடங்குகிறது. 1984-இல் அமைந்த மின்ச்சோ மாநிலப் பூங்காவின் மையமும், ஒரு ராம்சார் ஈரநிலமும் அது. ரிவால்தா, கிராத்சியே ஆகிய ஊர்களிலிருந்து தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளில் உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். படகு செல்லும் நீர்வழிகள் தாமாகத் திறந்திருப்பவை அல்ல. பல தலைமுறைகளாக இந்த ஊர்களில் நாணலையும் கோரையையும் அறுத்து விற்றார்கள். நாற்காலி பின்னுவதற்கும் கூரைக்கும் அது போனது. அறுப்பு நடந்தவரை சதுப்பு திறந்த நீராக நின்றது. அந்தத் தொழில் நலிந்தபின் நாணல் தானாகச் சாய்ந்து, மட்கி, நீர்வழிகளைத் தூர்க்கத் தொடங்கியது. கார்தாவின் நீரில் பெரும் பங்கு பாசனக் கால்வாய்களுக்குத் திரும்பிவிடுவதால், மின்ச்சோவில் மிஞ்சும் மெதுவான ஓட்டத்தால் அந்தச் சேற்றை அடித்துச் செல்லவும் இயலவில்லை. அதனால் இப்போது பூங்கா நிருவாகம் செலவு செய்து அறுக்கவும் தூர் வாரவும் வேண்டியிருக்கிறது. மனிதர் கை விலகினால் இயற்கை செழிக்கும் என்ற பொதுவான நம்பிக்கை இங்கே செல்லாது. கைவிடப்பட்ட சதுப்பு சில பத்தாண்டுகளில் புதர்க்காடாகிவிடும். திறந்த நீரை நம்பிய பறவைகளும் மீன்களும் தவளைகளும் அதற்குள் போய்விட்டிருக்கும்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மேல் ஏரியில் தாமரை பூக்கிறது. தமிழ்ப் பயணிக்கு அது பழகிய முகமாக இருக்கும். ஆனால் அந்த ஏரிக்கு அது அயல் தாவரம். ஆசியத் தாமரை 1921-இல் அங்கே கொண்டுவந்து இடப்பட்டது. ஆழம் குறைந்த, ஓட்டம் இல்லாத, உரச் சத்து மிகுந்த நீர் அதற்குப் பிடித்துப்போய், பல ஹெக்டேர் பரப்பை மூடிவிட்டது. இலைப் பரப்பின் அடியில் வெளிச்சமும் உயிர்வளியும் குறைகின்றன. எனவே ஆண்டுதோறும் அதை வெட்டிக் கட்டுப்படுத்துகிறார்கள். நகரத்தின் அடையாளமாகச் சுற்றுலாத் துறை காட்டும் பூவைப் பூங்காத் துறை அறுத்து எறிவதைக் காணும் பார்வையாளர் குழம்புவது இயல்பு. இரண்டு செயல்களுக்கும் காரணம் இருக்கிறது. கீழ் ஏரியின் கதை வேறு. அதன் கரையில் இருந்த பெட்ரோ வேதித் தொழிற்சாலைகளால் ஏரிப் பகுதி மாசுபட்டு, 2002-இல் தேசிய அளவில் தூய்மைப்படுத்த வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மாந்தோவாவுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் போஸ்கோ ஃபொந்தானா என்ற காடு உள்ளது. 233 ஹெக்டேர் மட்டுமே உள்ள இது, மாந்தோவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்ததால் கோடரிக்குத் தப்பியது. ஒரு காலத்தில் சமவெளி முழுவதும் ஓக் மரங்களால் மூடிக் கிடந்தது எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டும் மிகச் சில துண்டுகளில் இது ஒன்று.

கொக்கும் நெல்லும்: திச்சீனோ ஆற்றங்கரை

மஜ்ஜோரே ஏரியிலிருந்து இறங்கிப் பவியா அருகே போ ஆற்றில் சேரும் திச்சீனோவின் இரு கரைகளும் காக்கப்பட்டவை. லொம்பார்டிப் பக்கம் உள்ள பூங்கா 1974-இல் அமைந்தது. இத்தாலியின் முதல் மாநில இயற்கைப் பூங்கா அதுவே. ஏறத்தாழ 91,000 ஹெக்டேர் கொண்ட அதற்குள் ஊர்கள், தொழிற்சாலைகள், பண்ணைகள் எல்லாம் அடங்கும். ஆற்றை ஒட்டிய காடுகள் மட்டுமே கடுமையான காப்பில் உள்ளன. பவியா பல்கலைக்கழகம் காத்துவரும் சீரோ நேக்ரி காடு போன்ற சில இடங்களில் ஆய்வுக்கு அல்லாமல் யாரும் நுழைய முடியாது.

இந்த ஆற்றுக்கு மேற்கே உள்ள லொமெல்லீனா, நொவாரா, வெர்ச்செல்லி பகுதிகள்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் மிக அதிகமாக நெல் விளையும் இடம். 1863-க்கும் 1866-க்கும் இடையே வெட்டப்பட்ட, 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள கவூர் கால்வாய் போ ஆற்று நீரை இங்கே கொண்டுவந்தது. அந்த நெல்வயல்களை நம்பித்தான் ஐரோப்பாவின் பெரும் கொக்குக் கூட்டங்களில் ஒன்று இங்கே வாழ்கிறது. சாம்பல் நாரை, வக்கா, சின்னக் கொக்கு முதலியவை வயலுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் சிறு தோப்புகளில் நூற்றுக்கணக்கில் கூடு கட்டுகின்றன. 'கர்சாயா' என்று அழைக்கப்படும் இந்தக் கூட்டுக்குடியிருப்புகள் பல தனித்தனிக் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சில ஹெக்டேர் மட்டுமே உள்ள தோப்பு எதற்குக் காப்பகம் என்று கேட்பவருக்கு விடை அந்தத் தோப்பில் இல்லை. சுற்றியுள்ள வயலில் இருக்கிறது. தோப்பு உறங்குமிடம், வயல் உண்ணுமிடம். சட்டம் தோப்பைக் காக்கிறது. வயலைக் காப்பது உழவரின் பயிர் முறை மட்டுமே.

அந்தப் பயிர் முறை மாறிவருகிறது என்பதுதான் இன்றைய கவலை. முன்பு ஏப்ரல், மே மாதங்களில் வயலில் நீரைக் கட்டி, நீரிலேயே விதைத்தார்கள். இப்போது பலர் காய்ந்த நிலத்தில் விதைத்துவிட்டு, பயிர் எழுந்தபின் நீர் விடுகிறார்கள். செலவு குறைவு, வேலை எளிது. ஆனால் இதன் விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன:

1. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் வயலில் நீர் இல்லாததால், தவளையும் நீர்ப்பூச்சியும் கிடைக்காமல் கொக்குகள் தவிக்கின்றன.

2. வசந்த காலத்தில் நெல்வயலில் கட்டிய நீர்தான் நிலத்துக்குள் இறங்கி, தெற்கே உள்ள ஊற்றுக்கண்களுக்கு ஊட்டமாக இருந்தது. அது தாமதமாவதால் ஊற்றும் தாமதமாகப் பெருகுகிறது.

3. எல்லோரும் ஒரே நேரத்தில், ஜூன் மாதத்தில், நீர் கேட்கிறார்கள். அப்போது மக்காச்சோளத்துக்கும் நீர் தேவை. மஜ்ஜோரே ஏரியின் மதகில் அழுத்தம் கூடுகிறது. ஏரிக்கரைச் சதுப்பும் ஆற்றின் ஓட்டமும் அந்த இழுபறியில் சிக்கிக்கொள்கின்றன.

2022-இல் மலையில் பனி மிகக் குறைவாகவே விழுந்திருந்தது. ஏரிகளில் தேக்க நீர் இல்லை. வயல்கள் எல்லாம் ஒருசேரக் கேட்டன. தொடக்கத்தில் சொன்ன படகின் படத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான். அடுத்த குளிர்காலத்திலும் பனி குறைந்ததால், 2023 பிப்ரவரியில் கார்தா ஏரியில் உள்ள சான் பியாஜோ தீவுக்கு மக்கள் தரை வழியாக நடந்தே போனார்கள்.

கரைக்குள் ஒரு நிலம்: போ ஆற்றின் படுகை

சமவெளியின் நடுப்பகுதியில் போ ஆறு இரு பெரும் கரைகளுக்கு இடையே ஓடுகிறது. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே உள்ள நிலம் சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் அகன்றிருக்கும். இத்தாலியில் அதற்குக் 'கோலேனா' என்று பெயர். காவிரிக் கரையில் படுகை என்று சொல்வதும் இதைத்தான். வெள்ளம் வரும்போது ஆறு படுகையில் பரவும். எனவே படுகையில் குடியிருப்பு அரிது. பாப்லர் தோப்புகளும் மக்காச்சோளக் கொல்லைகளும் நடுவே லாங்காக்களும் இருக்கும். மாந்தோவா மாவட்டத்தில் உள்ள இசோலா பொஸ்கோனே போன்ற காப்பகங்கள் இந்தப் படுகை நிலத்தில் அமைந்தவை. ஒட்டுப்பலகை செய்வதற்காக வளர்க்கும் பாப்லர் வரிசைகளுக்கும், தாமே முளைத்த வில்லோ காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறை நேரில் பார்த்தவர் பிறகு மறக்க மாட்டார். முன்னதில் தரை உழுது சுத்தமாக இருக்கும். பின்னதில் கால் வைக்க இடம் இருக்காது.

லாங்காக்கள் இப்போது வேகமாக வற்றுகின்றன. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆற்றிலிருந்து அளவின்றி மணல் அள்ளினார்கள். அதோடு கப்பல் போக்குவரத்துக்கு ஆழம் வேண்டி, கல்லால் பக்கவாட்டுத் தடுப்புகள் கட்டி ஆற்றை ஒடுக்கினார்கள். ஒடுங்கிய ஆறு அடிப்பகுதியை அரித்தது; சில இடங்களில் ஆற்றுமட்டம் பல மீட்டர் இறங்கியது. ஆறு கீழே போனால், பக்கத்தில் உள்ள பழைய தடங்கள் மேட்டில் நின்றுவிடுகின்றன. வெள்ளம் வந்தால் அன்றி அவற்றுக்குப் புதுநீர் வருவதில்லை.

கரைகளை இன்னும் உயர்த்திக்கொண்டே போவதா, ஆற்றுக்கு இடம் விடுவதா என்ற விவாதத்தில் 1951 நவம்பர் 14 என்றும் நினைவில் நிற்கும் நாள். அன்று ஒக்கியோபெல்லோ அருகே வடகரை உடைந்து பொலேசினே பகுதியின் பெரும்பகுதி மூழ்கியது. ஏறத்தாழ 100 பேர் இறந்தார்கள்; 1,80,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அண்மையில், கோவிட் தொற்றுக்குப் பின் வந்த ஐரோப்பிய மீட்பு நிதியிலிருந்து, போ ஆற்றை மீண்டும் இயற்கையாக்க 35 கோடியே 70 லட்சம் யூரோ ஒதுக்கப்பட்டது. கல் தடுப்புகளை உயரம் குறைப்பது, லாங்காக்களின் வாயைத் திறந்து ஆற்றோடு மறுபடி இணைப்பது, படுகையில் உள்நாட்டு மரங்களை நடுவது ஆகியவை அதன் முக்கியப் பணிகள். படுகையில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் அச்சம் இருக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனாலும் ஆற்றுமட்டம் இறங்கிய நிலையில் ஒன்றும் செய்யாமல் விட்டால் காப்பகம் என்ற பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும் என்பது என் கணிப்பு.

கழிமுகம்: கடலுக்கும் கீழே நிலம்

போ கழிமுகம் இன்றுள்ள வடிவில் நானூறு ஆண்டுக் குழந்தை. ஆற்றின் வண்டல் தன் காயலைத் தூர்த்துவிடும் என்று அஞ்சிய வெனிஸ் குடியரசு, 1600-க்கும் 1604-க்கும் இடையே ஒரு பெரும் கால்வாய் வெட்டி ஆற்றைத் தெற்கே திருப்பியது. அதன்பின் கடலுக்குள் வளர்ந்த நிலமே இன்றைய கழிமுகம். 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் நீரிறைக்கும் எந்திரங்கள் வந்ததும், காயல்களைக் கரையிட்டு வடித்து வயலாக்கினார்கள். அப்படி ஒரு காயலை வடித்தபோதுதான் 1922-இல் ஸ்பீனா என்ற, ரோமானியருக்கு முந்தைய எத்ருஸ்கன் மக்களின் துறைமுக நகரின் கல்லறைகள் வெளிப்பட்டன. கடைசியாக 1960-களில் மெத்சானோ காயல் வடிக்கப்பட்டது. இன்று குடியிருப்பே இல்லாத அந்தப் பரந்த வயல்வெளியும் ஐரோப்பியப் பறவைக் காப்பு வலையத்தில் உள்ளது.

வடித்த நிலம் அமிழும். அதோடு 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலத்தடி நீரோடு கலந்திருந்த மீத்தேன் வாயுவை உறிஞ்சி எடுத்ததால், கழிமுகத்தின் பல பகுதிகள் 2 முதல் 3 மீட்டர் வரை இறங்கின. சாலையில் நின்றால் ஆறு தலைக்கு மேலே ஓடுவதும், வயல் கடலுக்குக் கீழே இருப்பதும் தெரியும். எந்திரங்கள் ஒரு வாரம் நின்றால் இங்கே வயலும் இல்லை, சாலையும் இல்லை. ஆற்றில் ஓட்டம் குறையும்போது கடல்நீர் உள்ளே ஏறும். கழிமுகத்துக்குச் சற்று மேலே, நீரோட்டம் அளக்கப்படும் போந்தெலாகோஸ்கூரோவில் சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 1,500 கனமீட்டர் ஓடும் ஆறு, 2022 ஜூலையில் 150-க்கும் கீழே இறங்கியது. உப்புநீர் 30 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்தது. வயலுக்கு இறைக்கும் நீரே உப்பானது.

கொமாக்கியோ காயல்கள் ஏறத்தாழ 11,000 ஹெக்டேர் மிஞ்சியிருக்கின்றன. இங்கே விலாங்கு மீன் பிடிப்பு பல நூற்றாண்டுத் தொழில். வளர்ந்த விலாங்குகள் இலையுதிர் காலத்தின் இருண்ட, புயல் வீசும் இரவுகளில் கடலை நோக்கிப் புறப்படும். அந்த வழியில் அம்புமுனை வடிவில் அடுக்கடுக்காகப் பட்டி கட்டி அவற்றைப் பிடிக்கும் அமைப்புக்கு 'லவோரியேரோ' என்று பெயர். ஐரோப்பிய விலாங்கு இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனம். ஆற்று அணைகளும் வாய்க்கால் மதகுகளும் அதன் வழியை அடைத்ததும் அதற்கு ஒரு காரணம். பழைய மீன் பதனிடும் கூடம் இப்போது காட்சியகமாகவும் இயங்குகிறது. விலாங்கு குறைந்த இடத்தில் பூநாரைகள் பெருகியிருக்கின்றன. 2000-ஆம் ஆண்டிலிருந்து அவை இங்கே கூடு கட்டுகின்றன. 2023-இல் அமெரிக்க நீல நண்டு பெருகி, கோரோ காயலின் மட்டிப் பண்ணைகளைச் சூறையாடியது.

கொமாக்கியோவுக்கு வடக்கே 1,058 ஹெக்டேர் பரப்புள்ள மெசோலா பெருங்காடு, அரசு காக்கும் வேட்டைக்காட்டின் எச்சம். இத்தாலியத் தீபகற்பத்தின் தனிப்பட்ட செம்மான் இனம் இயற்கையாக மிஞ்சியது அங்கே மட்டும்தான்.

'காப்பகம்' என்ற பலகையின் பொருள்

ஒரே இடத்தில் மூன்று சட்ட அடுக்குகள் இருக்கலாம் என்பதால் பலகைகள் குழப்பும்.

1. 1991-ஆம் ஆண்டின் 394-ஆம் எண் சட்டம் தேசியப் பூங்கா, மாநிலப் பூங்கா, இயற்கைக் காப்பகம் என வகுக்கிறது. பூங்காவின் பெரும்பகுதி தனியார் நிலம்; உழவு நடக்கும். காப்பகத்தில் விதி கடுமை. முழுக் காப்பு என்றால் வழிகாட்டியோடுகூட நுழைய முடியாமல் போகலாம்.

2. ஐரோப்பிய ஒன்றியத்தின் நேச்சுரா 2000 வலையம் பறவைகளுக்கும் வாழிடங்களுக்கும் உரியது. அந்தப் பெயர் மட்டும் இருந்தால் அங்கே நுழைவுத் தடையும் இல்லை, வேட்டைக்கு முழுத் தடையும் இல்லை.

3. ராம்சார், யுனெஸ்கோ உயிர்க்கோளம் என்பவை பன்னாட்டு ஏற்பு. அவை தாமாகப் பார்வையாளர் விதி எதையும் விதிப்பதில்லை.

வேட்டைப் பருவம் பொதுவாகச் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி இறுதி வரை. அந்த மாதங்களில் காப்பகத்தின் எல்லைக்கு வெளியே துப்பாக்கி ஒலி கேட்டால், அது பெரும்பாலும் சட்டப்படியானதே. வண்ண உடை அணிந்து, குறித்த பாதையில் மட்டும் நடப்பது நல்லது.

எப்போது செல்லலாம்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இலை விரியாத மரங்களில் கொக்குக் கூடுகள் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தத் தோப்புகளுக்குள் நுழையக் கூடாது. கூட்டை விட்டுப் பெற்ற பறவை எழுந்தால் முட்டை குளிர்ந்துவிடும், காகம் கொண்டுபோய்விடும். பார்வை மேடை உள்ள இடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். நீர் கட்டிய நெல்வயலைக் காண மே மாதம் உகந்தது. ஜூலை, ஆகஸ்டில் தாமரை உண்டு, கொசுவும் வெப்பமும் மிக உண்டு. அக்டோபர், நவம்பரில் போ ஆற்றில் வெள்ளம் வரும் வாய்ப்பு அதிகம்; மலையில் பனி உருகும் மே, ஜூனிலும் ஓரளவு உண்டு. அப்போது படுகைக்குள் இறங்கும் பாதைகளை மூடிவிடுவார்கள். இங்கே வெயில் அடிப்பதை நம்பி இறங்கக் கூடாது. நேற்று மலையில் பெய்தது இன்று இங்கே வரும். குளிர்காலம் நீர்ப்பறவைக்கு மிகச் சிறந்த பருவம், ஆனால் மூடுபனி நாள்கணக்கில் நிற்கும்.

கரைகளின் மேல் மிதிவண்டிப் பாதைகள் உள்ளன. பெஸ்கியேராவிலிருந்து மாந்தோவா வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் பாதை மின்ச்சோவை ஒட்டியே செல்கிறது; ஏரியின் மதகிலிருந்து நகரத்தின் ஏரிகள் வரை நீர் எங்கெங்கே பிரிகிறது என்பதை ஒரே நாளில் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. போ ஆற்றிலும் ஜல்லிக் குட்டைகளிலும் நீந்த இறங்க வேண்டாம். ஆற்றில் அடிச்சுழல் உண்டு. குட்டைகளின் ஓரம் செங்குத்தாக இறங்கும். ஒரு குளத்தில் நனைந்த காலணியையும் வலையையும் கழுவி உலர்த்தாமல் அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. லூசியானா நன்னீர் இறால் போன்ற அயல் உயிர்களும் தவளைகளைக் கொல்லும் நோய்களும் பரவ அத்தகைய சிறு கவனக்குறைவும் ஒரு வழி.

பியாச்சென்சாவுக்குக் கீழே இசோலா செராஃபினி என்ற இடத்தில் 1962 முதல் ஒரு மின்னுற்பத்தி அணை போ ஆற்றைக் குறுக்கே மறித்து நிற்கிறது. கடலிலிருந்து ஏறிவரும் ஸ்டர்ஜன் மீனுக்கும் விலாங்குக்கும் அங்கே 55 ஆண்டுகள் வழி இல்லை. 2017-இல் அணையின் பக்கத்தில் மீன் ஏறும் படிக்கால் ஒன்று திறக்கப்பட்டது. கடலிலிருந்து திச்சீனோ வரை, அங்கிருந்து மஜ்ஜோரே ஏரியின் வாசல் வரை, மீன் செல்லும் வழி இப்போது மீண்டும் திறந்திருக்கிறது.